ஹேத் இரட்டிக்காது

ராணிப்பேட்டையில் எனக்கு இரவுப் பணி.
கழிவுநீர் மாதிரிகள் பதினாறும் குப்பிகளில்
தெளியக் காத்திருக்கின்றன.
நான் எபிரெயப் பாடத்தைத் திறக்கிறேன்.
அஞ்சல்வழி, இரண்டாம் ஆண்டு,
சனிக்கிழமை தேர்வு.

நூன். ஹேத். மேம்.
மூன்று எழுத்து, ஒரு வேர்.
பழைய பொருள் பெருமூச்சு விடுதலாக
இருக்கலாம் என்கிறது அகராதி.
இருக்கலாம்.
எங்கள் பக்கம் மூச்சை ஆழ இழுக்க
தோல் ஷாப்புகளைத் தாண்டிப் போக வேண்டும்,
காற்று மேற்கே அடித்தால்
வாலாஜாவையும்.

வினைச்சொல் குடியிருக்கும் அமைப்புக்கு
எபிரெயத்தில் கட்டடம் என்றே பெயர்.
இந்த வேர் ஒரு கட்டடத்தில் இருந்தால்
மனம் வருந்தினான்,
நினைத்ததை மாற்றிக்கொண்டான்.
(வெள்ளம் வருவதற்கு முன்னால்
கடவுளுக்கே இந்த வினைதான் வாய்த்தது.)
இன்னொரு கட்டடத்தில் இருந்தால்
பிறரை ஆற்றினான்.

இதைத் தமிழில் பிறந்தவளுக்குச் சொல்லவும் வேண்டுமா?
ஆறு, ஆற்று. தேறு, தேற்று.
தான் படுவதற்கும் பிறர்க்குச் செய்வதற்கும்
எங்களுக்கு ஓர் ஒற்று தூரம்.
அவர்களும் நடு எழுத்தைத்தான் இரட்டிப்பார்கள்.

ஆனால் இங்கே நடுவில் இருப்பது ஹேத்.
தொண்டையில் பிறந்தது, பிடிவாதம்.
ஹேத் இரட்டிக்காது.
வருந்துகிற கட்டடம்
வாசலில் தன் நூனை நிறுத்தும்,
வேரின் சொந்த நூன் ஹேத்துக்குள் விழுந்து
தடமில்லாமல் போகும்.
ஆற்றுகிற கட்டடத்தில்
இரட்டிக்க வேண்டிய இடத்தில் ஹேத்
சும்மா நிற்கும்.
கடைசியில்
அவன் வருந்தினான்: நிஹம்.
அவன் ஆற்றினான்: நிஹம்.
ஒரே எழுத்து, ஒரே புள்ளிகள், ஒரே ஒலி.
பக்கத்துச் சொற்களைப் பார்த்து முடிவு செய்க
என்று அடிக்குறிப்பு.

மாசியில் ஒன்பதாம் எண் மாதிரியில்
குரோமியம் கூடுதலாக வந்தது.
மறுபடி பார்க்கச் சொன்னார் மேலாளர்.
மறுபடியும் வந்தது.
மூன்றாம் முறை வேறு குழாயில் பிடித்து வந்தார்கள்.
அந்த எண்ணுக்குக் கீழே
என் கையெழுத்து இருக்கிறது, தேதியோடு,
அழகாகவே.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து
கன்னியப்பன் கொல்லைக்குப் போனேன்.
அவர் கிணறு மஞ்சள் கட்டி இரண்டு வருஷம்.
வண்டியின் முன்னால் இரண்டு தண்ணீர் கேன்.
பெட்டிக்குள் நான்காய் மடித்த தாள்,
முதல் தடவை வந்த எண்,
பென்சிலில்.

"இன்னாத்துக்கு வந்த, லேப் அம்மா?"
வாயில் வார்த்தை வரவில்லை.
கேனை இறக்கினேன்.
"ஆத்துத் தண்ணியா?"
"இல்ல, கேன் தண்ணி."
"அதான பாத்தேன். ஆத்துல எங்க கீது?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஒரு கேனை உடைத்துக் கன்றுக்குட்டிக்குத்தான் முதலில் ஊற்றினார்.
அது குடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி
பெட்டியின் பூட்டைத்
திறந்தேன், மூடினேன்.

பார்த்தவர் யாரும்
நல்ல மனசு என்பார்கள்.
பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.
வருந்தவேண்டிய வீட்டில் ஏறாமல்
நேரே ஆற்றுகிற வீட்டுக்குப் போனவள்
ஹேத்தின் முதுகுக்குப் பின்னால்
எவ்வளவு நாளும் ஒளிந்திருக்கலாம்.

பக்கத்துச் சொற்களைப் பார்க்கிறேன்:
கேன். கன்று. பூட்டு.

மணி இரண்டு நாற்பது.
சனிக்கிழமை அந்தக் கேள்வி வந்தால்
இரண்டு விடையையும் எழுதப்போகிறேன்,
அரை மதிப்பெண் போனால் போகட்டும்.
தாள் இன்னும் வண்டிப் பெட்டியில்தான்.
ஒன்பதாம் குப்பி தெளிந்துவிட்டது.
மருந்தைச் சொட்டுகிறேன்.
அடியிலிருந்து மெல்ல ஏறி வருகிறது,
தவக்காலத்தில் பீடத்துக்கு விரிப்போமே
அந்த ஊதா.